உயிரோடு இருப்பதாக ஒரு மனு

எனக்குப் பழைய பத்திரங்கள் படிக்கப் பிடிக்கும், ஐயா. சென்ட்ரலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், ரயில் பொன்னேரியைத் தாண்டுவதற்குள் முப்பது வருட வில்லங்கத்தைப் பார்த்து முடித்துவிடுவேன்.

எங்கள் சட்ட நிறுவனத்தில் நிலம் பார்க்கிற வக்கீல் நான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கிடங்கு கட்ட ஒரு கம்பெனிக்குப் பதினோரு ஏக்கர் தேவைப்பட்டது. எல்லாம் முடிந்து, நடுவில் எண்பது சென்ட் மட்டும் நின்றது. அது தாவீதுக்கும் அவர் அக்கா சுகிர்தாவுக்கும் அப்பா விட்டுப்போனது. தாவீது சம்மதித்தார். சுகிர்தாதான் அசையவில்லை.

"எங்கப்பா கூலிக்குப் போயி வாங்குன நெலம் சார். நா கீற வரிக்கும் கையெழுத்து போட மாட்டேன்."

மூன்று முறை போனேன். ஒருமுறைகூடச் சாப்பிடாமல் என்னை அனுப்பவில்லை. மார்ச் முடிவதற்குள் பதிவு நடக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பன்னிரண்டாவது படிக்கும் மகள் இருக்கிறாள். அந்த மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை.

சுகிர்தா பிள்ளையில்லாத விதவை. அவர் இல்லையென்றால் தம்பி ஒருவரே வாரிசு. ஒரு தரகரைப் பிடித்து, சுகிர்தா இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் வாங்கினேன். தாவீதுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அக்கா பங்கைத் தொடவில்லை என்று சொன்னேன். காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். எண்பது சென்ட்டும் கம்பெனி பெயருக்குப் பதிவானது. கம்பெனி உடனே வேலி போடவில்லை. சுகிர்தா எப்போதும்போல அங்கே கீரை போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை, ஐயா.

இரண்டாம் வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையை நீட்டினால், இறந்தவர் அட்டை என்று திருப்பிவிட்டார்கள். தெரிந்த வக்கீல் நான் ஒருவன்தான். வீங்கிய காலோடு, தம்பி மகள் ஏஞ்சலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"நா உயிரோட கீறேன்னு எழுதிக் குடு, நைனா."

சார் போய் நைனா ஆகியிருந்தேன். எழுதினேன். நல்ல மனு அது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருவள்ளூர் கலெக்டரிடம் நானே கொடுப்பதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். கொடுத்திருந்தால் விசாரணை வரும். அது என்னிடம்தான் வந்து நிற்கும். அடுத்த திங்களும் வந்தார், அதற்கடுத்த திங்களும். மொத்தம் ஏழு மனுக்கள். என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். அவரை ஒருநாளும் காக்க வைத்ததில்லை. மூச்சு வாங்கினால் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பேன். ஏஞ்சல் தன் காதுத் தோட்டை விற்றுத் தனியார் மருத்துவமனையில் சில வாரம் பார்த்தாள்.

எட்டாவது திங்கள் அவள் மட்டும் வந்தாள்.

"அத்தை போய்ட்டாங்க சார். சாவைப் பதிய மாட்டேன்றாங்க. ஏற்கெனவே பதிஞ்சி கீதாம்."

அந்தப் பெண் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. கோப்பிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தாள். "இன்னா சார் இது? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போட்டு கீது?"

"தேதி மட்டும்தானம்மா தப்பு," என்றேன். "மத்ததெல்லாம் சரியா இருக்கு."