பதிமூணாம் நம்பர் பாட்டில்

ஹலோ... ஹலோ, தவளை? நான்தான்டி, லேப் அம்மா. ... கேக்குதா? ... கத்தாம பேசு. பக்கத்துல யாரு இருக்கா? ... யாரும் இல்லையா? நல்லாத் திரும்பிப் பாத்துச் சொல்லு.

... ம். சாப்பிட்டேன், சாப்பிட்டேன், அதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் ஆத்துல இருந்து கொண்டு வந்தியே பதிமூணு பாட்டில், இன்னைக்குக் காலையிலதான் மெஷின்ல ஓட்டி முடிச்சேன். ... இரு, அதுக்குள்ள சந்தோஷப்படாத. எல்லாம் சுத்தம். பேட்டரி கம்பெனி கழிவுக் குழாய் வந்து விழுற இடத்துலகூட ஈயம் பூஜ்யம். குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கலாம், அப்படி ஒரு தண்ணி!

... நல்ல விஷயமா? ஆமா, ஆமா, ரொம்ப நல்ல விஷயம். ... ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காம சொல்லு. நீ ஆத்துக்குப் போனியா?

... கத்தாதங்கிறேன்ல. ... சரி, போன. பன்னண்டு இடத்துலயும் இறங்கின. முழங்கால் வரைக்கும் சேறு. சரி, தவளைன்னு சும்மாவா உனக்குப் பேர் வச்சேன். ஹாஸ்டல் குழாய்ல பிடிச்சுட்டு வந்து ஆத்துத்தண்ணின்னு நீட்டுற பிள்ளைங்கள நம்ம சுற்றுச்சூழல் டிபார்ட்மென்ட்ல இருபது வருஷமா பாக்குறேன், அதான் கேட்டேன். ... அழாதடி. உன்னைச் சொல்லல. ... சொன்னேன்தான். இப்போ சொல்லல.

பதிமூணாம் நம்பர் ஞாபகம் இருக்கா? மூடியத் திறக்காத, பெட்டியோட போய்ட்டு பெட்டியோட வரட்டும்னு குடுத்தேனே? ... ஆமா, ஆமா, சிரிச்சியே, அதுக்கு ஊர் சுத்திக் காட்டவான்னு. அதுல நானே என் கையால ஈயம் கலந்து வச்சிருந்தேன். மெஷின்ல அம்பதுன்னு காட்டணும். யாரு போனாலும் சோதனைக்கு அப்படி ஒண்ணு அனுப்புவேன், ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். ... அதுவும் பூஜ்யம்டி!

... அதைத்தான் நானும் கேக்குறேன். போட்ட ஈயம் எங்க போச்சு? கால் முளைச்சு இறங்கிப் போச்சா? ... ஆமா. யாரோ பதிமூணையும் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தியிருக்காங்க. பெட்டி யாரு கையில இருந்துச்சு? ... உன் கையிலயே. சரி. ... நீ சாப்பிடுறப்போ? ... கார் டிக்கில. யாரு காரு? ... உங்க சித்தப்பா காரா.

ம்ம்... சித்தப்பா எங்க வேலை பாக்குறாரு?

... பேட்டரி கம்பெனியிலயா! இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல? ... சூப்பர்வைசரா இருந்தா என்ன, முதலாளியா இருந்தா என்ன! ... நல்லவர்தான். இல்லன்னு நான் சொன்னேனா?

இன்னைக்கும் ஆத்துக்குத்தானே போயிருக்க, எந்த வண்டியில? ... அடிப்பாவி, மறுபடியும் அவர் கார்லயா. ... எல்லா இடத்துலயும் எடுத்து முடிச்சிட்டியா? பெட்டி எங்க? ... ஐஸ் போட எடுத்துட்டுப் போயிருக்காரா? காலையில நான் நிரப்பிதானே அனுப்பினேன், சாயங்காலம் வரைக்கும் தாங்குமே! ... டீக்கடையில ஏதுடி ஐஸ்? எந்திரி. கடைக்குப் பின்பக்கம் போய்ப் பாரு. போனை வைக்காத. ... ஓடு!

... என்ன சத்தம் அது, தண்ணி கொட்டுற மாதிரி? ... தவளை? ... எத்தனை? எத்தனை கொட்டியிருக்காரு? ... நாலு. பக்கத்துல குடிதண்ணி கேன் வேறயா. ம். ... அழாத. மிச்ச ஒம்போதையும் பெட்டியோட தூக்கு. இடுப்புல வச்சுக்க. இப்போ போனை அவர்கிட்ட குடு. ... குடுங்கிறேன்ல!

வணக்கம் தம்பி. நல்லா இருக்கீங்களா? ... வெயில் ஜாஸ்தியோ அங்க? ... ஆமா, ஆமா. பாட்டில்ல சேறு இருந்துச்சு, கழுவி வச்சீங்க. சரிதான். ... தம்பி, நான் போலீஸ் இல்ல, லேப்ல பாட்டில் கழுவுற பொம்பளை. கழுவுற கதைய என்கிட்டயே சொல்றீங்களே. ... ம். ... ம். கம்பெனிய மூடிட்டா முந்நூறு பேர் பொழப்பு. புரியுது. ... புரியுதுங்கிறேன். நான் சொல்றதையும் கேளுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு போன வார ரிசல்ட் அவ புரொஃபசர் மேசைக்குப் போயாகணும். பதிமூணாம் நம்பர் பூஜ்யம்னா அவர் உங்க கம்பெனிய ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. ஆத்துக்கே போகாம தண்ணி பிடிச்சவன்னு இவளைத்தான் வெளிய அனுப்புவாங்க. ரெண்டு வருஷப் படிப்பு. அதுக்கப்புறம் எந்த யுனிவர்சிட்டியிலயும் வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க. ... இல்ல, நான் மாத்தி எழுத மாட்டேன். ... வழி ஒண்ணே ஒண்ணு இருக்கு. அவ நோட்டுல, போன வாரப் பக்கத்துலயும் இன்னைக்குப் பக்கத்துலயும், யாரு கொட்டினதுன்னு எழுதிக் கையெழுத்து வேணும். ... உங்களுதுதான். பின்ன என்னுதா?

... தம்பி? போனை யாருகிட்ட நீட்டுறீங்க?

... யாரு, நீயா? அவர் எங்க? ... கீழ உக்காந்துட்டாரா. ... என்னது? பேனா கேக்குறாரா? குடு. ... ஆமா, ஆமா, ஆத்து நோட்டுல பென்சில்லதான் எழுதணும், ஈரம் பட்டா பேனா கலையும், நான்தான் சொல்லிக் குடுத்தேன். இதுக்குப் பேனாவே குடு. பென்சில்னா ரப்பர் போட்டு அழிச்சிரலாம்.

... எழுதுறாரா? என்ன எழுதுறாரு, வாசி. ... ம். ... ம். அது அவர் பேர்தானே? ... இனிஷியல் போட்டாரா? போடச் சொல்லு. ... தேதி? ... அழுறாரா?

... சரி. தேதி போட்டுட்டு அழச் சொல்லு.

பெட்டி உன் இடுப்புல இருக்குல்ல? ... எதுக்குடி கீழ வச்ச! மூடியத் திற. எண்ணு, நான் கேக்குறேன். ... ம். ... ம். ... எட்டு. ... ஒம்போது. பதிமூணாம் நம்பர் இருக்கா? ... குலுக்காத! ... சரி. பஸ்ல வா, காரு வேணாம். ... அவரும் பஸ்லயே கூட வர்றேங்கிறாரா?

... வரட்டும். பாவம். பெட்டி உன் மடியில இருக்கட்டும். அவர ஜன்னலோரமா உக்கார விடாத. வச்சிடுறேன்.