பாஸ்போர்ட்டில் ஏறிய வசந்தாமணி

குமாஸ்தா: இதென்னய்யா, உன் பாஸ்போர்ட்டுல அம்மணி போட்டோவுக்கு மீசை மொளச்சிருக்குது?

செங்கோடன்: மீசை இல்லீங்க அர்த்தநாரி ஐயா... எழுத்துங்க. நாந்தானுங்க எழுதுனேன்.

குமாஸ்தா: சர்க்கார் உங்க ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்த பாஸ்போர்ட்டுலயா!

செங்கோடன்: சம்சாரத்துப் பேரு தப்பா வந்திருக்குதுன்னு எங்க ராசிபுரத்து வாத்தியார் இங்கிலீசைப் படிச்சுச் சொன்னாருங்க. இதுக்குப் போயி சேலம் வந்து உங்களத் தொந்தரவு பண்ணோணுமான்னு... நானே அடிச்சுப்போட்டுத் திருத்திட்டனுங்க.

குமாஸ்தா: பேரு கீழ இருக்குது. நீ எழுதுனது மூக்குக்கு அடியில எப்படிப் போச்சு?

செங்கோடன்: கண்ண மூடிக்கிட்டு எழுதுனனுங்க.

குமாஸ்தா: ஏன், தூக்கமா?

செங்கோடன்: அது... அப்பறம் சொல்றனுங்க. மொதல்ல கப்பலுக்கு ஒரு வழி சொல்லுங்க சாமி. எங்க பட்டைப் பாத்துட்டுத் துரை ஒருத்தர் சீமைக் கண்காட்சிக்குக் கூப்புட்டிருக்கறாருங்க. நானும் அவளும் தறி போட்டு நெய்து காட்டோணும். இழை அறுந்தா அவதான் முடிச்சுப் போடோணும். அவ இல்லாம நான் மட்டும் போயி... துரைமாருங்க முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுங்களா?

குமாஸ்தா: இந்தக் கோலத்துல பம்பாய்க்குப் போனா உன்ன ஏத்திக்குவாங்க. அம்மணியத் துறைமுகத்துலயே நிறுத்திருவாங்க. அச்சடிச்சிருக்கிற பேரு வசந்தாமணி. மீசையில இருக்கிற பேரு கந்தம்மாள். ஆருய்யா இந்த வசந்தாமணி?

செங்கோடன்: அதைத்தானுங்க நானும் கேக்கறேன்!

குமாஸ்தா: தொடுப்பு கிடுப்பு...

செங்கோடன்: ஐயோ, மெதுவாப் பேசுங்க! அவ வாசல்லதான் நிக்கறா. ஒரு ஊட்டுலயே எம் பேச்சு எடுபடறதில்ல, தொடுப்பு வேறயாங்க! மனு எழுதுனது நீங்கதானுங்களே?

குமாஸ்தா: எழுதுனது நானு. நீதான் வெத்தலை வாங்கறேன்னு போயி ஒரேடியாப் போயிட்டியே. சொன்னத எழுதுனேன்.

செங்கோடன்: ஆரு சொன்னதுங்க? அன்னைக்குக் கூட வந்த எம் மச்சான் மருதாசலம்தானே? அவன் குசும்புக்காரனுங்க.

குமாஸ்தா: அதைக் கிளறாதே. ஒழுங்கு என்னன்னு கேளு. இந்தப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துரோணும். மீசை இல்லாத போட்டோ வேணும். அப்பறம் மேஜிஸ்திரேட்டு முன்னால நின்னு, ‘இவ என் சம்சாரம், இவளை இந்தப் பேரு சொல்லித்தான் கூப்புடறேன்’னு வாயால சத்தியம் பண்ணோணும்.

செங்கோடன்: வாயாலங்களா?

குமாஸ்தா: பின்ன, காதாலயா?

செங்கோடன்: எழுதிக் குடுத்தா ஆகாதுங்களா... கண்ண மூடிக்கிட்டு?

குமாஸ்தா: நீ எழுதுன வரைக்கும் போதும். ஊட்டுல எப்படிக் கூப்புடுவே?

செங்கோடன்: ‘இந்தா’ம்பனுங்க.

குமாஸ்தா: தூரத்துல இருந்தா?

செங்கோடன்: ‘இந்தாஆஆ’ம்பனுங்க.

குமாஸ்தா: சந்தைக் கூட்டத்துல?

செங்கோடன்: இருமுவனுங்க. தெரிஞ்சுக்குவா.

குமாஸ்தா: இருமலைச் சத்தியப் பத்திரத்துல எப்படிய்யா எழுதறது? அம்மணிக்குன்னு ஒரு பேரு இருக்குதில்ல?

செங்கோடன்: இருக்குதுங்களே. எங்கம்மா பேரும் அதேதானுங்க. பெத்தவ பேரைச் சொல்லி, ‘அடியே, சோத்தைப் போடு’ன்னு எப்படிங்க சொல்றது? எங்க சனத்துல ஆருமே சொல்ல மாட்டாங்க. அதானுங்க, எழுதறப்பக்கூட கண்ணை...

குமாஸ்தா: மத்தவங்க எப்படிக் கூப்புடறாங்க?

செங்கோடன்: எங்கம்மாளுக்குப் பயந்துக்கிட்டு அவங்களும் சொல்றதில்லீங்க. செங்கோடன் ஊட்டுக்காரின்னா ஊருக்கே தெரியும்.

குமாஸ்தா: சரி, ஒருக்கா சொல்லிப் பழகு. நான்தான் மேஜிஸ்திரேட்டுன்னு வெச்சுக்க. ‘இவ பேரு...’

செங்கோடன்: இவ பேரு... கந்... க... க்கும்!

குமாஸ்தா: இருமாதேய்யா!

செங்கோடன்: வாயில வரலீங்க சாமி. எங்கம்மா மொகம் எதுத்தாப்புல வந்து நின்னுக்குது.

குமாஸ்தா: அப்ப ஒரே வழிதான். அச்சுல இருக்கறதுதான் அவ பேருன்னு சத்தியம் பண்ணிரு. மை பட்டுக் கெட்டுப்போச்சுன்னு புதுசு கேட்டு எழுதறேன். ஆனா அந்தப் பேரைச் சொல்லி நீ கூப்புடறது நெசமா இருக்கோணும். பொய்ச் சத்தியத்துக்கு நான் கையெழுத்து வாங்க மாட்டேன்.

செங்கோடன்: ஆரு பேரோ, எவ பேரோ... வசந்தாமணி. அட, சுலுவா வருதுங்களே! வசந்தாமணி!

சம்சாரம்: ஏனுங்க?

செங்கோடன்: உன்ன ஆரு கூப்புட்டா?

சம்சாரம்: நீங்கதானுங்க. ஒருக்காலுக்கு ரெண்டு வாட்டி.

செங்கோடன்: இந்தா... சுத்தி வளைக்காம நேராச் சொல்லு. இந்தப் பேரை எழுதச் சொன்னது மருதாசலமா, இந்த ஐயாவா?

குமாஸ்தா: என்னைப் பாக்காதே. வாயத் தொறக்க மாட்டேன்னு அம்மணிக்கு வாக்குக் குடுத்திருக்கறேன்.

செங்கோடன்: அம்மணிக்கா?

சம்சாரம்: நாந்தானுங்க சொன்னேன். உங்க ஊட்டுல காலெடுத்து வெச்சன்னைக்கே எம் பேரு போயிருச்சு. இது எனக்குப் புடிச்ச பேருங்க, நானே வெச்சுக்கிட்டேன். கடல் தாண்டுனா உங்கம்மா காதுல உழுகாது, அங்கயாச்சும் ஒருக்கா உங்க வாயால கூப்புடுவீங்கன்னு இருந்தேன்... நீங்க சேலத்துலயே கூப்புட்டுட்டீங்க.