மன்னருடன் அனுப்பப்பட்டவர்

2024 ஜூலையில், யாங்கோன் நகரத்தின் பசுந்தாங் பகுதியில், எங்கள் தெருவுக்குப் பகலில் நான்கு மணி நேரம்தான் மின்சாரம் வந்தது. மற்ற நேரங்களில் அப்பாவின் ஆக்ஸிஜன் இயந்திரம் பேட்டரியில் ஓடியது. அந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, ஜெனரேட்டர் கடையில் சார்ஜ் போட்டு மறுபடி ஏற்றி வருவது செல்லக்கண்ணு அண்ணனின் வேலை. எனக்கு முதுகுவலி உண்டு.

அப்பா நல்லையா, பபேடான் கடைத்தெருவில் மசாலாக் கடை வைத்திருந்தவர். செல்லக்கண்ணு அண்ணன் இளவயதில் அந்தக் கடைக்கு மூட்டை தூக்க வந்தவர். பிறகு அப்பாவை விட்டு நகரவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அப்பாவுக்குச் சவரம் செய்வது, கால் பிடித்துவிடுவது, டீ போடுவது எல்லாம் அவர்தான். அப்பா அவரைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நான் தனியார் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நான் செய்தது ஆத்திரத்தில் செய்ததல்ல, யோசித்துச் செய்தது.

பண்டைய எகிப்தின் முதல் அரச வம்சத்தைப் பற்றி வகுப்பில் நான் நிறையவே பேசுவேன். ஜெர் என்ற மன்னரின் கல்லறையைச் சுற்றி முந்நூறு பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மெர்நெயித் என்ற அரசியைச் சுற்றி நாற்பது பேர். சமையல்காரர்கள், கைவினைஞர்கள், அந்தரங்கப் பணியாளர்கள். மன்னர் போகிற இடத்தில் அவருக்கு வேலை செய்ய ஆள் வேண்டும் அல்லவா. பின்னால் வந்த மன்னர்கள் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். ஆட்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பொம்மைகளை வைத்தார்கள். அதை நாகரிகத்தின் முன்னேற்றம் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிவந்தேன்.

டாக்டர் ஹுஸ்னா வந்து பார்த்துவிட்டு, இந்த வாரத்தைத் தாண்டாது என்றார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். முகமூடியை விலக்கி, "அங்க போனா எனக்கு யாருடா டீ போடுவா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"நீங்க முன்னால போங்க முதலாளி. நான் கெட்டிலத் தூக்கிட்டுப் பின்னாலயே வர்றேன்" என்றார் செல்லக்கண்ணு அண்ணன்.

"வருவ. உன் தங்கச்சி மீன் குழம்ப விட்டுட்டு வருவ."

"மீன் குழம்பையும் எடுத்துக்கிட்டே வர்றேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

நான் முதலில் நாகரிகமான வழியைத்தான் யோசித்தேன். ஆற்றைத் தாண்டி துவாந்தேக்குப் போய், ஒரு குயவரிடம் சொல்லிக் களிமண்ணில் பொம்மைகள் செய்து வாங்கி வந்தேன். ஒன்றின் கையில் கெட்டில், ஒன்றின் கையில் சவரக்கத்தி. அப்பாவின் படுக்கையில் வைத்தேன்.

அப்பா அவற்றைப் புரட்டிப் பார்த்தார். "படிச்ச முட்டாளே, பொம்ம வந்து காலப் புடிச்சு விடுமா?"

"நான் வரட்டுமாப்பா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நீ வந்து? அடுப்பு பத்தவைக்கத் தெரியுமாடா உனக்கு? எனக்குக் கண்ணு போதும்."

அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் அம்மா பர்மியப் பெண். வீட்டில் முருகன் படமும் உண்டு, புத்தர் பீடமும் உண்டு. ஆனால் சாவு விஷயத்தில் அம்மாவின் வழக்கம்தான். இறந்தவரின் உயிர் வண்ணத்துப்பூச்சியைப் போல ஏழு நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஏழாம் நாள் பிக்குகள் வந்து ஓதி, சாப்பிட்டு, அதை அனுப்பிவைப்பார்கள். அம்மா இறந்தபோது அந்த ஏழு நாளும் அப்பா அவருக்குத் தட்டில் சோறு வைத்தார்.

அப்பா போன பிறகு செல்லக்கண்ணு அண்ணன் க்யிம்யிண்டைங்கில் தங்கை பாப்பம்மாள் வீட்டுக்குப் போய்விடுவார். படகுத்துறையில் தங்கையின் சோற்றுக்கடையைப் பார்த்துக்கொள்ளப் போவதாக என்னிடமே சொல்லியிருந்தார். அப்புறம் எத்தனை வருடம் அப்பா தனியாகக் காத்திருப்பது? அண்ணன் முந்திக்கொண்டாலும் ஏழு நாள் வீட்டில் இருப்பார். அந்த வாரத்துக்குள் அப்பாவும் வந்துவிடுவார். பிக்குகள் இருவரையும் சேர்த்தே அனுப்பிவிடலாம். டாக்டரின் கணக்கும் அம்மாவின் வழக்கமும் ஒத்துப்போயின.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அப்பா தூங்கும் நேரத்தில், சமையலறையில் செல்லக்கண்ணு அண்ணனுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் தூக்க மாத்திரைகளைப் பொடித்துச் சேர்த்திருந்தேன்.

"என்ன தம்பி, இன்னைக்கு நீங்க போடுறீங்க? மழ கொட்டப் போவுது" என்றார். குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கல். பரவால்ல, கத்துக்குவீங்க" என்றார்.

அவர் கண் அயர்ந்த பிறகு தலையணையை வைத்தேன். இடையில் ஒருமுறை என் மணிக்கட்டைப் பிடித்தார். பலமாகவே பிடித்தார். விடைபெறுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். முன்னறையிலிருந்து அப்பா "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டார். தூக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

மாரடைப்பு என்று தெருக்கோடி வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் எரித்தோம். அப்பாவின் பக்கத்திலேயே நான் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சாப்பிட்டார். அதுவரை இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காதவர், நான் ஊட்டியதையெல்லாம் விழுங்கினார். கஞ்சி, முட்டை, மருந்து எல்லாம். தொண்டையில் சிக்கிக் கண்ணில் தண்ணீர் வந்தாலும் வாயைத் திறந்தார். எனக்குக் கவலையாக இருந்தது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

ஏழாம் நாள் பிக்குகள் வந்து ஓதினார்கள். செல்லக்கண்ணு அண்ணன் தனியாகப் போனார். பிக்குகள் படியிறங்கியதும் அப்பா பாப்பம்மாளின் கையைப் பிடித்து இழுத்தார். முகமூடியைத் தானே கழற்றினார்.

"உங்க அண்ணன இவன்தான் கொன்னான். எனக்குக் கேட்டுச்சும்மா. எந்திரிக்க முடியல."

பாப்பம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "இத்தன நாளு ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா இவன் என்னையும் அனுப்பிருப்பான். இந்த ஏழு நாளுக்குள்ள நான் செத்தா, அங்கயும் கண்ணு எனக்குக் கால் புடிச்சுக்கிட்டுக் கெடக்கணும். அவன் மட்டும் போகட்டும்னு இருந்தேன். செஞ்சது போதும் அவன்."

மூச்சு முட்டியபோது சொன்னது. நோயாளிகளின் பேச்சுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

பாப்பம்மாள் போலீசுக்குப் போனார். உடல் இல்லை, அதனால் நான் வாயைத் திறக்காவிட்டால் வழக்கு நிற்காது என்று வக்கீல் சொன்னார். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? செல்லக்கண்ணு அண்ணனைக் கொன்றது நான்தான். அப்பாவுக்காக ஒரு மகன் செய்யக்கூடியதைச் செய்தேன்.

அப்பா இப்போது க்யிம்யிண்டைங்கில், பாப்பம்மாள் வீட்டில் இருக்கிறார். தனக்குப் பிள்ளை கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாராம்.