கிள்ளிவிட்ட பதினாலு

மதுரையிலிருந்து கம்பம் போகும் பேருந்து ஆண்டிபட்டியைத் தாண்டியிருந்தது. முன் இருக்கையில், எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வு எழுதிவிட்டு வந்த பெண் தன் அப்பாவிடம் சொன்னாள்: "கணக்குப் பகுதிதான்ப்பா ரொம்பக் கஷ்டம். ஆனா நல்லாப் பண்ணிருக்கேன். இருபத்திரண்டு கேள்வியில பதினாலத் தொடவே இல்ல."

தொடாமல் விட்டதை இவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போல.

"இதுக்குத்தான் விடியக்காலம் காமயகவுண்டன்பட்டியில இருந்து கெளம்பி வந்தமா?"

"தப்பாப் போட்டா, வாங்குன மார்க்கையும் கழிச்சிருவாகப்பா."

"அதுக்காக, குத்துமதிப்பாக்கூடவா போடக் கூடாது?"

"நீங்க திராட்சைக் கொடியில பாதிப் பிஞ்சுக் கொத்தக் கிள்ளிப் போடுறீகளே, அது ஏன்?"

"மிச்சக் கொத்து தெரளணும்ல."

"அதேதான்."

"சரித்தா, பதினாலக் கிள்ளிட்ட. மிச்சம் எட்டும் தெரண்டிருச்சா?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஆறு தெரண்டிருச்சு."

"அந்த ரெண்டு?"

பெண் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதையும் கிள்ளிருக்கணும்ப்பா."