மணி அடிக்காத கருவி

மீனு, வயது 36, த/பெ தாணுமாலயன், கரமனை, திருவனந்தபுரம். மருத்துவக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாகப் பொறியாளராக இருக்கிறேன்.

நாங்கள் செய்வது நரம்பில் மருந்து ஏற்றும் கருவி. மருந்து தீரும்போது அதில் மணி அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டில் மோட்டார் எந்தப் 'பின்'னில், அதாவது எந்த இணைப்பு முனையில், மணி எந்தப் பின்னில் என்று மென்பொருளுக்குச் சொல்ல ஒரு கோப்பு உண்டு. சென்ற மார்ச்சில் போர்டு மாறியது, மணியின் பின்னும் மாறியது. அதன்படி கோப்பைத் திருத்தி மேலாளர் ஸ்ரீஜித்துக்கு அனுப்பினேன். அவருடைய கம்ப்யூட்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஒரிஜினல்' என்று ஏற்கெனவே மூன்று கிடந்தன. கோப்புக்குப் பதிப்பு எண் வேண்டும், எந்தக் கருவியில் எது ஏறியது என்று குறித்து வைக்க வேண்டும் என்று நான்கு மின்னஞ்சல் எழுதினேன். அதன் பிறகு நேரில் போய்க் கேட்டேன். "பேரு பாத்தா தெரியுமல்லோ மீனு, நம்பர் எதுக்கு?" என்றார்.

அதன் பிறகு என் கம்ப்யூட்டரிலிருந்து புதிய கோப்பை ஒரு கருவியில் ஏற்றிச் சோதித்தேன், மணி அடித்தது. விற்பனைக்குப் போன நாற்பதுக்கும் அவர் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டேன்.

இம்மாதம் ஒன்பதாம் தேதி காலை, அவற்றில் ஒன்று இருந்த ஆஸ்பத்திரியில் திரவியம் என்பவருக்கு ரத்த அழுத்தம் விழாமல் பிடிக்கும் மருந்து தீர்ந்தும் மணி அடிக்கவில்லை. கை குளிர்ந்திருப்பதைக் கண்டு மனைவி எலிசாள் கத்திய பிறகே நர்ஸ் ஓடி வந்ததாக அறிந்தேன். திரவியத்துக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அதன் பிறகு கம்பெனி, கம்பெனியில் அந்தக் கருவியைப் பொருத்திய தொழிலாளி தங்கையன் வயரை மாற்றி மாட்டிவிட்டார் என்று போலீசில் எழுதிக் கொடுத்தது. அவர் எனக்குப் போன் செய்து, "படத்துல உள்ளதுபோலத்தானே மாட்டினேன் மேடம். வேற எங்க மாட்ட? நீங்களே சொல்லுங்க" என்றார்.

பதினான்காம் தேதி இந்த ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அந்தக் கருவியைத் திறந்து பார்த்தேன். வயர் சரியாக இருந்தது. கோப்புதான் பழைய போர்டினுடையது. எண் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இல்லாததால் வரிக்கு வரி ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

அதன் பிறகு ஸ்ரீஜித்திடம் மற்றவற்றில் எது ஏறியது என்று கேட்டேன். "கொஞ்சம் பழசு, கொஞ்சம் புதுசு. அதெல்லாம் யாருக்கு ஓர்மை இருக்கு?" என்றார். மீதி முப்பத்தொன்பதும் ஏழு ஆஸ்பத்திரிகளில் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எதில் மணி அடிக்காது என்று எங்கள் கம்பெனியில் ஒருவராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

தங்கையன் மேல் தவறில்லை. நான் சொன்னதை எழுதி வாசிக்கக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மீனு