ரத்த டாக்டர் தேர்ந்தெடுத்த ஆள்

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் பிடிக்கும். ஆரணியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு நான் தினமும் போய்வந்த காலத்தில் கண்டக்டர் யாரையாவது எழுப்பிவிட்டு எனக்கு அந்த இடத்தைக் கொடுப்பார். “ரத்த டாக்டர் வந்துகினுகிறாரு, நவுருப்பா” என்பார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நான் உட்கார்ந்துவிடுவேன். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் என் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள இதுவே போதும்.

ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று சொல்வது என் வேலை. கல்லூரியில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. காரணம் என் மேதாவித்தனம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தப் படிப்பைப் படித்தவர் அங்கே வேறு யாரும் இல்லை என்பதுதான் காரணம்.

1982இல் ரத்த நோய்களுக்கென்று தனியாக ஒரு பேராசிரியர் பதவி வந்தது. கேட்டு வாங்கியதே நான்தான். தேர்வுக் குழுவில் என்னோடு இருந்த இருவரும் எலும்பு டாக்டர்கள். நான் தலையாட்டினால் அவர்களும் ஆட்டுவார்கள். விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மாணவன் பரசுராமன். இன்னொருவர் அபிதகுசாம்பாள். வெம்பாக்கத்துப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். டெல்லியில் இதே துறையில் ஆராய்ச்சி செய்தவர்.

அவர்களைச் சோதிக்க நானே ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தேன். ஆரணியில் பட்டுநூல் முறுக்கும் காத்தாயி என்பவளின் எலும்பு மஜ்ஜை. அபூர்வமான ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி அப்போதுதான் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருந்தேன். இன்னும் கொஞ்சம் கிடைக்குமே என்ற ஆசை.

பரசுராமன் குனிந்து பார்த்தான். “நீங்க சொன்னதுதான் சார்” என்றான். நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து அபிதகுசாம்பாள் வெகுநேரம் பார்த்தார். எலும்பு டாக்டர்கள் இருவரும் அலுத்துப்போய் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள்.

“பாக்க கேன்சர் மாதிரியேதான் இருக்கு சார். ஆனா இல்லைங்க. பி-12 சத்து சுத்தமா இல்லை, அவ்ளோதான். ஊசி போட்டா எழுந்து நடப்பாங்க. இவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“போய்ட்டாங்க” என்றேன்.

அவர் தலை குனிந்தார். “பாவங்க” என்றார்.

வீட்டுக்குப் போனதைத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன்.

அவர் போனதும் நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. டீ குடித்துவிட்டு வந்த இருவரிடமும், “கெட்டிக்காரிதான். ஆனால் துறையோடு ஒத்துப்போக மாட்டார்” என்றேன். தலையாட்டினார்கள். வேலை பரசுராமனுக்குப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடையில் ஊசி மருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காத்தாயி வீட்டுக்குப் போனேன். போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவள் புருஷன் வேடியப்பன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவன். ஓடிப்போய் எங்கிருந்தோ நாற்காலி கொண்டுவந்தான். “டாக்டரே வூடு தேடி வந்துகிறாரு பாரு” என்று அக்கம்பக்கத்தைக் கூட்டினான்.

காத்தாயி எழ முயன்றாள். “சோறு எறங்கல சார். நாக்கு எரியுது.”

நாக்கை நீட்டிக் காட்டினாள். மழமழவென்று சிவந்திருந்தது. பி-12 குறைவுக்கு என்று மாணவர்களுக்கு நான் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிப்போடும் அடையாளம் அது.

“வேற எதனா மருந்து கீதா சார்?” என்றான் வேடியப்பன்.

இருந்தது, என் மடிமேலேயே. ஆனால் ஊசி போட்டால் அவள் எழுந்துவிடுவாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பாள். கேன்சர்காரி எப்படிப் பிழைத்தாள் என்று ஆரணி கேட்கும். பிறகு வெம்பாக்கத்து அபிதகுசாம்பாள் காதுக்கும் எட்டும். வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சாத்துக்குடி பிழிஞ்சு குடு” என்றேன்.

ஆடி பிறக்கும் முன்பே அவள் போய்ச் சேர்ந்தாள். பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிப் போனேன். வேடியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நீங்க சொன்னாப்பலியே ஆயிடுச்சி சார்.” அதற்குப் பிறகு ஊரில் எனக்கு மதிப்புக் கூடியது.

பழைய கண்ணாடித் துண்டுகளை இப்போது யாரோ எடுத்துப் பார்த்ததால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்க வேண்டாம். அவளைக் கொன்றது நோய் இல்லை. பிழைப்பாள் என்று தெரிந்தே சாக விட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதவிக்கு நான் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பரசுராமன் தங்கமான பையன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்துச் சொன்ன எதையும் அவன் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொன்னதில்லை.