சல்லிசாக வந்த ஜாக்கி

நேர்மைதான் மனிதனுக்கு முதுகெலும்பு. அது முறிந்தவன் மனிதனே அல்ல. இதை என் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். எழுதியவர் பலகையில் இடம் போதாமல் 'நேர்மையே நம் முதுகு' என்பதோடு நிறுத்திவிட்டார். கூலி கொடுத்தாயிற்றே என்று அப்படியே மாட்டிவிட்டேன்.

நீங்கள் சாவகாசமாகக் கேளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கும் அவசரமில்லை.

மெக்கானிக் சங்கத்துக்கு நான் தலைவராகப் போகிற நேரம் அது. 'திருட்டுச் சாமான் வாங்காதீர்' என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசியவன் நான். பேச்செல்லாம் என் மச்சான் எழுதித் தந்தது. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. "திருடினவனாவது ஒரு தடவைதான் மாமா ஓடணும். தெரிஞ்சே வாங்கினவன் ஆயுசு பூரா கோர்ட்டுக்கு நடக்கணும்" என்பான். அந்த இடத்தில் கைதட்டல் விழும். நானும் தட்டுவேன்.

அப்போதுதான் சல்லிசு வந்தான். பழைய சாமான் வியாபாரி. எதை விற்றாலும் "சல்லிசு தலைவரே, சல்லிசு" என்பான், அதுவே பேராகிவிட்டது. அவன் தள்ளுவண்டியில் ஒரு ஜாக்கி இருந்தது. காரைத் தூக்குகிற, சக்கரம் வைத்த பெரிய ரகம். காயலான் கடை விலை சொன்னான்.

"எங்கேயிருந்துடா?"

"உங்களுக்குப் பால் வேணுமா தலைவரே, மாட்டோட ஜாதகம் வேணுமா?"

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால்தானே தெரியும், தெரிந்தால்தானே குற்றம். என் வீட்டுக்காரி மட்டும், "இவ்வளவு சல்லிசா வருதுன்னா எங்கேயோ இடிக்குதுங்க" என்றாள். "எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்றேன்.

சங்கத் தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பெரியவர் காரைக் கொண்டுவந்தார். அடியில் ஏதோ கடகடக்கிறதாம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜாக்கியை நானே உருட்டி வந்து காரின் முன்பக்கத்தைத் தூக்கினேன். அவர் காரைப் பார்க்கவில்லை, ஜாக்கியையே பார்த்தார். குனிந்து, கைப்பிடியில் இருந்த வெல்டிங் தழும்பைத் தடவினார்.

"அட, இது நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே. நானும் ஒர்க்‌ஷாப் வச்சிருந்தவன்தான் தம்பி. இந்த ஒட்டு என் கையால போட்டது. என்கிட்ட இருந்து போனது, இங்க வந்து குந்தியிருக்கு பாருங்க."

போனது என்றார். மூன்றே எழுத்து.

"இதைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இருங்க, முதல்ல அந்தச் சத்தம் என்னன்னு பாத்துடறேன். கை அரிக்குது."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்தார். பாதி உள்ளே போனவர் நின்றார். "முட்டு வச்சுட்டீங்கல்ல?"

முட்டு என்பது தூக்கிய காருக்கு அடியில் நிறுத்தும் இரும்புக் கால். ஜாக்கி கைவிட்டாலும் அது தாங்கும். அப்போது அது சுவரோரம் நின்றிருந்தது, என் கைக்கெட்டும் தூரத்தில்.

"அந்தப் பக்கம் வச்சாச்சு பெரியவரே. கவலைப்படாம போங்க."

நான் ஆத்திரத்தில் எதையும் செய்கிறவன் அல்ல. யோசித்தேன். அவர் வெளியே வந்தால் வாயைத் திறப்பார். மறுநாள் மேடையில் நான் இருக்க, கீழே ஊரே சிரிக்கும். அவருக்கு உயிர் எப்படியோ, எனக்கு மானம் அப்படி. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். தராசு என்னுடையது.

கைப்பிடியைத் திருகினேன். கார் இறங்கியது. நெஞ்செலும்பு முறிந்தால் காய்ந்த சுள்ளி மாதிரி சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஈரச் சுள்ளி. கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன. ஒரு செருப்பு பறந்து கிரீஸ் டப்பாவில் விழுந்தது. அரைகுறை வேலை எனக்கு ஆகாது. மறுபடி தூக்கினேன். அவர் மூச்சை இழுத்தார்; ரத்தம் கொப்பளித்தது. மறுபடி இறக்கினேன். பிறகு அந்த முட்டுக் காலைக் காருக்கடியில் சரிந்தாற்போல் கிடத்திவிட்டு, கூச்சல் போட்டேன். நீங்கள் வந்து விபத்து என்றீர்கள். பெரிய மனிதர்கள் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் பெரியவருக்காக எழுந்து நின்றோம். அதன் பிறகு நான் தலைவரானேன்.

கூட்டம் முடிந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், சல்லிசு காத்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"தலைவரே, அந்த ஜாக்கியக் குடுத்துடுங்க. எனக்கு மனசு கேக்கல. போலீஸ்ல போய் உள்ளதைச் சொல்லிடறேன்."

ஜாக்கியின் கைப்பிடி தனியாகக் கழன்று வரும். கனமான இரும்புக் குழாய். கழற்றினேன். முதல் அடி காதுக்கு மேலே. அவன் விழவில்லை, உட்கார்ந்தான்.

"எதுக்கு அடிக்கறீங்க தலைவரே?" அப்போதும் மரியாதையை விடவில்லை.

"திருட்டுச் சாமானை என் தலையில கட்டிட்டு, போலீஸ் வேறயாடா?"

"யாரு திருடினது? அந்தப் பெரியவரே தூக்கிக் குடுத்ததுங்க. வால்வு நழுவுது, தூக்கின பாரம் தானா இறங்கிடும், உருக்கறதுக்குப் போடு, யாருக்கும் வித்துடாதேன்னாரு. நான்தான் ஆசைப்பட்டு மறைச்சுட்டேன்."

பெரியவர் என்னிடம் சொல்ல இருந்த அந்த ஒன்று இதுதான். முட்டு வைத்தாயிற்றா என்று கேட்டதும் இதனால்தான். சல்லிசு என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதி அடித்தவனை அப்படியே விட்டால் அவனுக்கும் அவஸ்தை, பார்க்கிறவர்களுக்கும் ஆயிரம் கேள்வி. முடித்துவிட்டேன். மண்டை திறந்துகொண்ட பிறகும் இரண்டு மூன்று போட்டேன். அது மட்டும் கோபத்தில்தான். வியாபாரம் என்றால் ஒரு நேர்மை வேண்டாமா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினாயா என்றீர்கள். அது திருட்டுப் பொருளே அல்ல. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அந்தக் களங்கம் என் மேல் இல்லை.

நல்ல சாமானைத்தான் திருடுவார்கள் என்று நம்பி வாங்கினேன். பழுது என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.